அபூ உமைரின் சிட்டும் ஆம்பூர்ப் பூனையும்

 

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. ஃபஜ்ருத் தொழுகை முடிந்து, மக்தபுப் பிள்ளைகள் ஓத வரும் நேரம். ஆம்பூரில் நாம் இமாமத் செய்யும் மஹல்லாவைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி பள்ளிவாசலின் வெளிவாயிலில் நின்று கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பில் படிப்பவள். ஒரு நாளும் பாடம் தவறாதவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஹஜ்ரத், எங்க முன்னி மௌத்தாயிடுச்சு. ஜனாஸா தொழ வைப்பீங்களா?" என்று கேட்டாள்.

முன்னி என்பது அவர்கள் வீட்டுப் பூனை. நாம் அவசரத்தில் இருந்தோம். "பூனைக்கெல்லாம் ஜனாஸா கிடையாதம்மா. எங்கேயாவது குழி தோண்டிப் புதைக்கச் சொல். நேரமாகிறது, உள்ளே வந்து ஓது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். ஹவ்ளுக் கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "லாரி லாரியாத் தோல் வந்து எறங்குற ஊரும்மா இது. இங்க ஒரு பூனைக்கு அழுவுறியே!" என்று சிரித்தார். நாமும் புன்னகைத்தோம். சிறுமி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அன்று அவள் ஓத வரவில்லை.

நாம் சொன்ன மஸ்அலாவில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அன்று இரவு இஷாவுக்குப் பின், ஜும்ஆ பயானுக்காக ஸஹீஹுல் புகாரியில் 'கிதாபுல் அதப்' பகுதியைப் புரட்டிக் கொண்டிருந்தபோது ஒரு ஹதீஸ் கண்ணில் பட்டது. உஸ்தாதுமார்களிடம் ஓதியிருக்கிறோம்; நாமே பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துமிருக்கிறோம். ஆனால் அன்றுதான் அதன் முன்னால் தலைகுனிந்தோம். மஸ்அலாவைச் சொல்லிவிட்டு, ரஹ்மத்தைச் சொல்லாமல் அந்தக் குழந்தையை அனுப்பிவிட்டோமே என்ற வருத்தத்தில் எழுதப்படுவதே இந்தப் பாடம்.

அபூ உமைரின் சிட்டு

நாயகத் தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் அன்னை உம்மு ஸுலைம் (ரலி) அவர்களுக்கும், அபூ தல்ஹா (ரலி) அவர்களுக்கும் ஓர் ஆண் குழந்தை இருந்தது. அதன் பெயர் அபூ உமைர். பால்குடி மறந்த வயது. அந்தக் குழந்தை ஒரு சிட்டை வைத்து விளையாடி வந்தது. 'நுகைர்' என்று அரபியில் சொல்லப்படும் சின்னஞ்சிறு பறவை அது. ஒரு நாள் அந்தச் சிட்டு இறந்து போயிற்று. அவ்வீட்டுக்கு அடிக்கடி வருகை தரும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குழந்தை வாடியிருப்பதைக் கண்டார்கள். காரணம் வினவினார்கள். சிட்டு இறந்துவிட்டது என்று வீட்டார் கூறினர். உடனே அண்ணலார் (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையை அதன் பெயர் சொல்லி அழைத்து, அந்தச் சிட்டு என்னவாயிற்று என்று உமைர், நுகைர் என ஓசை இயையக் கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது.

மதீனாவின் ஆட்சிப் பொறுப்பு அவர்கள் தலையில். வஹீ இறங்கிக் கொண்டிருக்கும் காலம். தூதுக் குழுக்கள் வந்து போய்க் கொண்டிருக்கின்றன. இத்தனைக்கும் நடுவே, ஒரு குழந்தையின் செத்துப் போன சிட்டைப் பற்றி விசாரிக்க அவர்களுக்கு நேரம் இருந்தது. நமக்கோ மக்தப் மணி அடிக்கும் அவசரத்தில் நேரம் இல்லாமல் போயிற்று!

ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 335-ல் மறைந்தவர்கள், இந்த ஒரே ஹதீஸிலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட பயன்களை எடுத்து ஒரு தனி நூலே எழுதினார்கள். நம் பாடத்துக்கு அவற்றின் சாரமாக மூன்றைச் சொன்னால் போதும். முதலாவது, நாயகம் (ஸல்) அவர்கள் 'வெறும் சிட்டுதானே' என்று கூறவில்லை. இரண்டாவது, உபதேசத்தில் தொடங்காமல் ஒரு கேள்வியில் தொடங்கினார்கள். கேள்வி கேட்டால் துக்கம் உள்ளவன் வாய் திறப்பான், பாரம் இறங்கும். மூன்றாவது, இவ்வளவு பரிவு காட்டியும் அந்தச் சிட்டுக்காக எந்தச் சடங்கையும் ஏற்படுத்தவில்லை. பரிவும் உண்டு, வரம்பும் உண்டு. இவ்விரண்டும் ஆற்றின் இரு கரைகள் போன்றவை. நாம் அன்று ஒரு கரையை மட்டும் காட்டினோம்.

மறுநாள் ஜும்ஆவன்று, அஸருக்குப் பின் அந்த வீட்டுக்குச் சென்றோம். சிறுமியை அழைத்து, "முன்னிக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டோம். முதலில் பேசவில்லை. பிறகு நிறுத்தவில்லை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய அத்தா வேலை பார்க்கும் தோல் மண்டியில், உப்புத் தோல் அடுக்குகளுக்கு இடையில் கிடந்த குட்டியாம் அது. எலித் தொல்லைக்கு உதவுமென்று வீட்டுக்குக் கொண்டு வந்தாராம். அப்போது இவள் தவழும் குழந்தை. இருவரும் ஒன்றாக வளர்ந்தார்களாம். ரமலானில் ஸஹருக்கு நன்னிமாவின் போர்வை நுனியைப் பிறாண்டி எழுப்பிவிடுமாம். அத்தாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் வாசற்படியில் வந்து உட்காருமாம். கடைசிப் பத்து நாட்கள் இரை எடுக்கவில்லையாம். கால்நடை மருத்துவரிடமும் காட்டியிருக்கிறார்கள். மூப்புதான் என்று சொல்லிவிட்டாராம். வியாழன் விடியலில் நன்னிமாவின் மடியிலேயே அடங்கிவிட்டதாம்.

அவள் பேசி முடித்த பின் வீட்டார் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டார்கள். மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதலாமா என்றார் பாட்டியார். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன், போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றார். இவ்வளவு அழுவது பாவமில்லையா என்றார் தாயார். முன்னி சுவர்க்கத்துக்குப் போகுமா என்றாள் சிறுமி. இவை ஒரு வீட்டின் கேள்விகள் அல்ல. நம் வீடுகள் பலவற்றிலும் எழுபவை. ஆகவே விடைகளைப் பொதுவில் எழுதுகிறோம்.

இல்லத்தைச் சுற்றி வருபவை

மதரஸாவில் பூனையைப் பற்றி நாம் ஓதியவை என்னென்ன என்று நினைத்துப் பார்த்தோம். பூனை வாய் வைத்த நீரின் சட்டம் ஒன்று. கிணற்றில் பூனை விழுந்து செத்தால் உடலை எடுத்தபின் நாற்பது முதல் அறுபது வாளி வரை நீர் இறைக்க வேண்டும் என்ற ஹனஃபிச் சட்டம் ஒன்று. இவை தேவையான சட்டங்களே. ஆனால் அந்தச் சட்டத்தின் பின்னால் உள்ள ஹதீஸை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகளார் கப்ஷா (ரலி), அபூ கதாதா (ரலி) அவர்களின் மருமகள். மாமனார் ஒளுச் செய்ய அம்மையார் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ஒரு பூனை வந்து அதில் வாய் வைத்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் அதை விரட்டவில்லை. அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியந்து பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். முவத்தா, திர்மிதீ, அபூ தாவூத் முதலிய கிதாபுகளில் இது காணக் கிடக்கிறது.

'தவ்வாஃபீன்' என்பது அந்த ஹதீஸில் உள்ள சொல்: சுற்றி வருபவர்கள். அந்நூர் அத்தியாயத்தின் 58-ஆவது வசனத்தில், வீட்டுப் பணியாளர்களையும் சிறு பிள்ளைகளையும் பற்றிச் சொல்லும் இடத்தில், அல்லாஹுத் தஆலா இதே வேர்ச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறான். அனுமதி கேட்டு வரும் விருந்தாளி வேறு. வீட்டுக்குள்ளேயே வளைய வருபவர் வேறு. பூனையை இரண்டாவது வகையில் வைத்தார்கள் எம்பெருமானார் (ஸல்) அவர்கள். சுற்றி வந்த ஒன்று ஒரு நாள் நின்றுவிட்டால் வீடு வெறிச்சோடிப் போவதில் வியப்பென்ன?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஒரு வீட்டிலிருந்து ஹரீஸா வந்தது. கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்த உணவு. அன்னையார் தொழுகையில் இருந்தமையால் அதை வைத்துவிடும்படி சைகை காட்டினார்கள். பூனை வந்து அதில் கொஞ்சம் தின்றது. தொழுது முடித்த அன்னையார், பூனை தின்ற இடத்திலிருந்தே எடுத்து உண்டார்கள். அபூ தாவூதில் இச்செய்தி உள்ளது.

பூனை வாய் வைத்த நீர், வேறு நீர் இருக்கும்போது, மக்ரூஹ் தன்ஸீஹ் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. மக்ரூஹே இல்லை என்பது இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாபிஈ மத்ஹபிலும் அது தூய நீரே. வாயில் எலியின் இரத்தம் ஒட்டியிருப்பது தெரிந்தால் மட்டும் சட்டம் மாறும்.

நபிமொழிகளை மிக அதிகமாக அறிவித்த ஸஹாபியை உலகம் எந்தப் பெயரால் அறிகிறது? அபூ ஹுரைரா. பூனைக்குட்டியின் தந்தை என்பது பொருள். ஆடு மேய்க்கும் நாளில் ஒரு பூனைக்குட்டியோடு விளையாடி வந்ததால் வந்த பெயர் என்று அவர்களே சொன்னதாகத் திர்மிதீயில் இருக்கிறது. அந்தப் பூனைக்குட்டி இறந்து பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. நாம் ஹதீஸ் ஓதும்போதெல்லாம் அதன் நினைவு ஓதப்படுகிறது!

அழுவது குற்றமா?

குற்றமில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் விட்டார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ஆனால் இறைவனுக்குப் பிடிக்காத சொல் நாவிலிருந்து வராது என்ற கருத்தை அப்போது உணர்த்தினார்கள். ஒரு பூனையின் மரணம் பிள்ளையின் மரணத்துக்கு ஈடாகாது, ஒப்பிடவும் கூடாது. ஆயினும் கண்ணீரின் சட்டம் ஒன்றே. கண்ணீர் ரஹ்மத், மார்பில் அடித்துக் கொள்வதும், 'அல்லாஹ் ஏன் இப்படிச் செய்தான்' என்று கேட்பதும் தடை. ஒரு முஸ்லிமுக்கு முள் குத்தினாலும் அதற்காக அவனுடைய பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன என்பது ஸஹீஹான ஹதீஸ். அப்படியிருக்க, பொறுமையோடு சகித்த இந்த வருத்தம் வீணாகுமா? 'இன்னா லில்லாஹி' சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம். நாம் இழக்கும் ஒவ்வொன்றும் அவனுடையதே.

ஹவ்ளுக் கரைப் பெரியவரின் சிரிப்பும் புதிதன்று. அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் பக்தாதில் இப்னுல் அல்லாஃப் என்றொரு கவிஞர் இருந்தார். கண் பார்வை இழந்தவர். ஹிஜ்ரி 318-ல், அதாவது கி.பி. 930-ல் காலமானார். அவர் பிள்ளை போல் வளர்த்த பூனை, அண்டை வீட்டாரின் புறாக் கூண்டுகளில் நுழைந்து குஞ்சுகளைத் தின்று வந்தது. பொறுக்க மாட்டாமல் அவர்கள் அதைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். கவிஞர் அதற்கு ஓர் இரங்கற்பா பாடினார். வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (ரஹ்) அவர்கள் அதைப் பற்றித் தம் நூலில் எழுதியுள்ளார்கள். ஆனால் அந்தக் காலத்து மனிதர்கள் பலர், ஒருவர் பூனைக்காக இவ்வளவு அழுவார் என்பதை நம்பவில்லை. ஹிஜ்ரி 296-ல் கொல்லப்பட்ட இளவரசர் இப்னுல் முஃதஸ்ஸுக்காகத்தான் மறைமுகமாகப் பாடினார் என்றார்கள். வேறொருவர் பெயரைச் சொன்னவர்களும் உண்டு. இருக்கலாம். ஆயினும் பூனைக்காகவே பாடினார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்தப் பாட்டில் நமக்குப் பாடம் ஒன்று உண்டு: புறாக்களைத் தேடிப் போனதுதான் அந்தப் பூனையின் அழிவுக்குக் காரணம் என்பதைக் கவிஞர் மறைக்கவில்லை. அன்பு வைத்ததன் குற்றத்தையும் ஒப்புக் கொண்டே அழுதார். உண்மையான நினைவு அப்படித்தான் இருக்கும்.

நம் பகுதி மக்களுக்கு இதில் ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நம் ஊர்களின் சோறு தோலில் இருந்து வருகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் முதல் குரோம் காலம் வரை எத்தனையோ குடும்பங்கள் இதில் வாழ்கின்றன. இது ஹலாலான தொழில். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு ஸதகாவாக வந்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தக் கூடாதா என்று கேட்டவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே. தண்ணீரும் 'கரள்' என்னும் வேலமர வகையும் தோலைத் தூய்மையாக்கும் என்றும் அறிவித்தார்கள். நம் பாட்டனார்களின் ஆவாரம்பட்டைத் தொட்டி அந்த வழியில் வந்ததே.

ஆனால் அதே மார்க்கம், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக் கொள், பிராணிக்கு வேதனையைக் குறை என்றும் ஏவுகிறது. எண்ணிக்கை பெருகும்போது நெஞ்சு மரத்துப் போகும் ஆபத்து உண்டு. நூறு கட்டுத் தோல்களைக் கணக்கெழுதும் கைக்கு, ஒவ்வொரு தோலும் ஓர் உயிரின் மேல் இருந்தது என்பது மறந்து போகும். வீட்டில் ஒரு பூனைக்கு அழும் குழந்தை அந்த மறதிக்கு மருந்து. அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பக்ரீதுக்கு வாங்கிய ஆட்டோடு பழகிவிட்டு அழும் பிள்ளையையும் அதட்டாதீர்கள். அந்த ஈரம் அந்த வீட்டுக்கு அல்லாஹ் கொடுத்த நிஃமத்.

உடலை என்ன செய்வது?

குளிப்பாட்டுதல், கபன், ஜனாஸாத் தொழுகை ஆகியவை மனித மையித்துக்கு உரியவை. பூனைக்கு அவை இல்லை. உடலை ஒரு பழந்துணியில் சுற்றி எடுத்துச் செல்வதில் தவறில்லை. அதைக் கபன் என்று எண்ணாமல் இருந்தால் போதும். இந்தச் சிறுமி தன் பழைய தாவணியில் சுற்றியிருந்தாள். அது அன்பு, சடங்கு அன்று.

புதைப்பது கட்டாயமில்லை; ஆனால் அதுவே நல்லது. தெருக்குப்பையிலோ, சாக்கடையிலோ, பாலாற்று மணலிலோ எறிவது மக்களுக்குத் தொல்லை தரும் செயல். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், தொல்லையைப் பாதையில் போடுவது என்ன? கொல்லையிலோ, உரியவரின் அனுமதியுள்ள வெற்றிடத்திலோ, நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்கும் அடிபம்புக்கும் தள்ளிப் புதையுங்கள். கபுருஸ்தானில் புதைக்கக் கூடாது. அது முஸ்லிம் மையித்துகளுக்காக வக்ஃபு செய்யப்பட்ட நிலம்.

செத்த உடலைத் தொட்டதால் ஒளு முறியாது. கையில் ஈரமோ கசிவோ பட்டால் கழுவிக் கொண்டால் போதும். வீட்டுப் பாயிலும் முஸல்லாவிலும் அதன் முடி கிடந்தால், ஹனஃபி மத்ஹபில் அது நஜீஸ் அன்று. ஷாபிஈ மத்ஹபில் சிறிதளவு மன்னிக்கப்படும். தட்டி எடுத்துவிட்டுத் தொழுங்கள்.

செய்யக் கூடாதவை

மூன்றாம் ஃபாத்திஹா, நாற்பதாம் ஃபாத்திஹா, தவாபு சேர்த்தல் ஆகியவை பூனைக்கு இல்லை. காரணம் எளிது. தவாபு என்பது கட்டளைக்கு உட்பட்டவனுக்கு. பூனைக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை, பாவமும் இல்லை. பாவமே இல்லாததற்கு நாம் எந்த மன்னிப்பைக் கேட்பது? பாட்டியாரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ அது நம்மளவிட நல்ல நிலையில போயிருக்குதுன்னு சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார்கள். அந்த அம்மையாரின் ஞானத்துக்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

உருவப் படத்தைச் சட்டம் போட்டு, மாலையிட்டு, தொழும் அறையில் மாட்டக் கூடாது. உருவங்கள் உள்ள வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸ் நாம் அறிந்ததே. துருக்கியின் இஸ்தான்பூலில் 'தொம்பிலி' என்ற தெருப்பூனை 2016-ல் இறந்தது. மக்கள் கேட்டுக் கொண்டதால் அதே ஆண்டு அதற்குச் சிலை வைத்தார்கள். அயா ஸோஃபியாவில் வாழ்ந்த 'க்ளி' என்ற பூனை 2020 நவம்பரில் இறந்தது. அதை அங்கேயே தோட்டத்தில் புதைத்தார்கள். அந்த மக்களுக்குப் பூனைகள் மீதுள்ள பரிவு போற்றத்தக்கது. தோட்டத்தில் புதைத்தது சரி. சிலை நம் வழியன்று.

மற்றொன்று, பொய்யால் ஆறுதல் சொல்லக் கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் 'முஇஸ்ஸா' என்ற பூனையை வளர்த்தார்கள், அது அங்கியின் கையில் தூங்கியதால் துணியை வெட்டிக் கொண்டு எழுந்தார்கள் என்றொரு கதை பரவியிருக்கிறது. சிறுமிக்கு ஆறுதலாக இதை யாரோ சொல்லியிருந்தார்கள். ஹதீஸ் கிதாபுகளில் இதற்கு ஸனது இல்லை. பூனையை நேசிப்பது ஈமானின் பகுதி என்ற வாசகமும் இட்டுக்கட்டப்பட்டது என்று முல்லா அலீ காரீ (ரஹ்) போன்ற அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். அபூ உமைரின் சிட்டும், அபூ கதாதாவின் பாத்திரமும் ஸஹீஹாக நம் கையில் இருக்க, பொய்க்கு என்ன தேவை?

சுவர்க்கத்துக்குப் போகுமா?

இதுதான் கடினமான கேள்வி. பூமியில் ஊரும் பிராணிகளும், சிறகடித்துப் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும், அவை இறைவனிடம் ஒன்று திரட்டப்படும் என்றும் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38-ஆவது வசனம் அறிவிக்கிறது. கொம்பில்லாத ஆட்டை முட்டிய கொம்புள்ள ஆட்டிடமிருந்தும் மறுமையில் ஈடு வாங்கித் தரப்படும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதன்பின் அவை மண்ணாகிவிடும்படி கட்டளையிடப்படும் என்று அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வந்த விளக்கத்தை முஃபஸ்ஸிர்கள் எழுதியுள்ளனர். ஆகவே, 'ஆம், நிச்சயமாகச் சுவர்க்கத்தில் இருக்கும்' என்று நாம் வாக்களிக்க முடியாது.

ஆனால் கதவை மூடிவிடவும் நமக்கு உரிமை இல்லை. சுவர்க்கவாசிகளுக்கு உள்ளம் விரும்புபவை அங்கே உண்டு என்று அஸ்ஸுக்ருஃப் அத்தியாயம் 71-ஆவது வசனம் கூறுகிறது. சிறுமியிடம் நாம் சொன்னது இவ்வளவே: "முன்னிக்குச் சிறிதளவு அநியாயம் நடந்திருந்தாலும் அதைக் கேட்காமல் அல்லாஹ் விடமாட்டான். நீ அங்கே போய்ச் சேர வழி தேடு. அங்கே போனபின் என்ன வேண்டுமோ அவனிடம் கேட்டுக் கொள்." அவள் சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தாள்.

நினைவு எதில் நிற்கிறது?

சென்றதற்கு நாம் இனி ஒன்றும் செய்ய இயலாது. இருப்பவற்றுக்குச் செய்யலாம். பூனையைப் பற்றிய ஹதீஸ்களில் மிகவும் அச்சுறுத்துவது, பூனையை அடைத்து வைத்த பெண்ணின் செய்தி. அவள் அதற்கு இரையும் போடவில்லை. தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. அதனால் நரகம் புகுந்தாள். பெருநாள் விடுமுறைக்கும், திருமணத்துக்கும், உம்ராவுக்கும் புறப்படும்போது மண்டியையும் வீட்டையும் பூட்டுகிறோமே, உள்ளே ஏதேனும் உயிர் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுகிறோமா? வளர்க்கும் பிராணிக்கு இரை போட ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறோமா? பூனைக்காக அழுவதை விட இது முக்கியம்.

எகிப்தை 1260 முதல் 1277 வரை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் ஒரு தோட்டத்தின் வருவாயைத் திக்கற்ற பூனைகளுக்காக வக்ஃபு செய்தார் என்று வரலாற்றில் எழுதப்பட்டுள்ளது. சுல்தானுக்குத் தோட்டம், நமக்கு ஒரு சட்டித் தண்ணீர். வேலூர் மாநகரின் சித்திரை வெயிலை நாம் அறிவோம். பாலாறு ஓடிய நாளில் பிராணிகளுக்கு நீர் தேடித் தர வேண்டிய நிலை இல்லை. நம் ஊர்களின் தோல் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்ததன் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. மனிதர்கள் வழக்காடினார்கள். அந்த நீரைக் குடித்த வாயில்லா ஜீவன்களின் வழக்கு மறுமைக்கு ஒத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட நினைப்பவர் கொம்பில்லாத ஆட்டின் ஹதீஸை ஒருமுறை படிக்கட்டும்.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்கு ஒருவர் நீர் கொடுத்த செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். வாளி இல்லை, கயிறு இல்லை. அவர் கிணற்றில் இறங்கித் தம் காலுறையைக் கழற்றி அதில் நீரை நிரப்பி, வாயில் கவ்விக் கொண்டு மேலே ஏறி வந்தார். நாய் குடித்தது, அல்லாஹ் அவரை மன்னித்தான். பிராணிகளுக்குச் செய்வதிலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்ற பொருளில் விடை கிடைத்தது. அந்தக் காலுறையை அரபியில் 'குஃப்' என்பார்கள். அது தோலால் ஆனது. நாள்தோறும் தோல் காலணி தைக்கும் நம் ஊர் மக்களே! ஒரு மனிதரைச் சுவர்க்கத்தில் சேர்த்ததும் ஒரு தோல் காலணிதான்.

அடுத்த திங்கட்கிழமை சிறுமி மீண்டும் ஓத வந்தாள். மாலையில் அவர்கள் தெரு வழியே போனபோது, மதில் ஓரத்தில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. "இது யாருக்கம்மா?" என்று கேட்டோம். "வர்ற பூனைக்கு, ஹஜ்ரத்" என்றாள். ஹவ்ளுக் கரைப் பெரியவரும் நம்மோடு வந்து கொண்டிருந்தார். அவர் குனிந்து, சட்டியில் விழுந்திருந்த வேப்பிலையை எடுத்துப் போட்டார்.

அல்லாஹுத் தஆலா நம் உள்ளங்களில் ரஹ்மத்தை நிலைக்கச் செய்வானாக! அறிந்த மஸ்அலாவை அன்போடு சொல்லும் நாவை நமக்குத் தருவானாக! ஆமீன்.